கண்டி, நுவரெலியாப் பயணத்தில் உடம்புக்கு முடியாமல் போனால்

வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு ஐந்து நாள் வேன் பயணம். முதலில் கண்டி, பிறகு நுவரெலியா, கடைசியாக எல்ல. கூடவே 68 வயது அம்மா வருகிறார். அவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. ஏழு வயது மகனுக்குக் குளிரில் இளைப்பு வரும். சிங்களம் வீட்டில் யாருக்கும் சரியாக வராது. வழியில் யாருக்காவது முடியாமல் போனால் எங்கே போவது, அரச வைத்தியசாலையா தனியாரா, தமிழில் பேசிச் சமாளிக்க முடியுமா, எது நல்ல ஆஸ்பத்திரி என்பவை அவருடைய கேள்விகள்.

நான் மலையகத்து அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே வைத்தியர் எழுதும் பதில் போல இருக்காது.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எது நல்ல ஆஸ்பத்திரி என்பது நேரம் இருக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. நெஞ்சு வலி, மூச்சு எடுக்க முடியாமை, வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சுக் குழறுவது, வலிப்பு, நினைவு தப்புவது, நிற்காத இரத்தம், பாம்புக்கடி, இவற்றில் ஒன்று வந்துவிட்டால் பெயர் பார்க்கவோ ஊரில் உள்ள மச்சானுக்குப் போன் போட்டு விசாரிக்கவோ நேரம் கிடையாது. 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அல்லது வேன் கையில் இருந்து, வைத்தியசாலையும் பக்கத்தில் இருந்தால் நேரே அங்கே ஓட்டுங்கள். அது அரச வைத்தியசாலையாக இருக்கட்டும். சின்ன ஆஸ்பத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2016இல் இந்திய அரசின் உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் ஆரம்பித்தது, பிறகு ஒன்பது மாகாணங்களுக்கும் வந்தது. ஒரு சதமும் வாங்குவதில்லை. தமிழில் பேசலாம். வண்டியில் ஒட்சிசன் இருக்கும், அவசரச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவரும் இருப்பார். ஆனால் அது உங்களை அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோகும். தனியார் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்படி கேட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். மலைப் பாதையில் நிற்கும்போது இடத்தைச் சொல்வதுதான் கஷ்டம். "நுவரெலியா போகிற வழியில் ஒரு வளைவு" என்றால் அவர்களுக்கு எந்த வளைவு என்று விளங்கும்? வீதியோரக் கிலோமீற்றர் கல்லில் உள்ள எண், கடைசியாகக் கடந்த ஊர், தோட்டத்தின் பெயர்ப் பலகை, பக்கத்தில் உள்ள கோவில் அல்லது தேயிலைத் தொழிற்சாலை, இவற்றில் இரண்டையாவது சொல்லுங்கள். அதற்கும் முடியாவிட்டால் பக்கத்துக் கடைக்காரரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள். அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

நுவரெலியாவிலிருந்து கண்டிக்குத் தூரம் 75 கிலோமீற்றர் அளவுதான். வவுனியாவில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு மணித்தியால ஓட்டம் என்று தோன்றும். றம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று வளைந்து இறங்கும் அந்தப் பாதையில் இரண்டரை மணித்தியாலமாவது ஆகும். மூடுபனி இறங்கினால் இன்னும் கூடும். மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் பாதையே மூடிக் கிடக்கும். "கண்டிக்கே கொண்டுபோய்விடுவோம், அங்கே எல்லா வசதியும் இருக்கிறது" என்று நோயாளியை வேனில் படுக்கவைத்து, வழியில் இருந்த ஆஸ்பத்திரிகளைத் தாண்டி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலருடைய வேன் வந்து நின்றபோது இறக்குவதற்கு அவசரமே இருக்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறுவதில்லை.

மாரடைப்பு வந்த ஒருவருக்கு முதல் அரை மணித்தியாலத்தில் வேண்டியது ஈ.சி.ஜி. எடுக்கத் தெரிந்த ஓர் இடம், வைத்தியர் பார்த்துக் கொடுக்கும் அஸ்பிரின், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவெடுக்கும் ஒரு வைத்தியர். ஓர் ஆதார வைத்தியசாலையில், அதாவது "பேஸ் ஹொஸ்பிட்டலில்", இவை கிடைக்கும். அங்கிருந்து கண்டிக்கு மாற்ற வேண்டுமானால் அவர்களே தங்கள் அம்புலன்சில் அனுப்புவார்கள், போகிற இடத்துக்கு முன்கூட்டியே சொல்லியும் வைப்பார்கள். நீங்களாக வேனில் கொண்டுபோனால் வாசலில் மறுபடியும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். பக்கவாதத்துக்கும் இதே கணக்குத்தான். கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஆகவே வாய் கோணியது எத்தனை மணிக்கு என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

உங்கள் பாதையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கண்டி நகருக்குள் இருப்பது கண்டி தேசிய வைத்தியசாலை. வில்லியம் கோபல்லாவ மாவத்தையில் இருக்கிறது. கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரியது. ஊரில் "பெரியாஸ்பத்திரி" என்று கேட்டால் கைகாட்டிவிடுவார்கள். அங்கிருந்து ஆறேழு கிலோமீற்றரில், தாவரவியல் பூங்காவும் பல்கலைக்கழகமும் இருக்கும் பேராதனையில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அதன் பக்கத்திலேயே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை. மகனுக்கு இளைப்புக் கடுமையானால் கண்டி வட்டாரத்தில் நீங்கள் தேட வேண்டிய பெயர் இதுதான். பல் வைத்தியசாலையும் பேராதனையில்தான் இருக்கிறது. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் நடுவே கம்பளையில் ஆதார வைத்தியசாலை உண்டு. ஹற்றன் பக்கமாக வந்தால் நாவலப்பிட்டியில் ஒரு பெரிய வைத்தியசாலை, ஹற்றனைத் தாண்டினால் இந்தியா கட்டித்தந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலை. இந்தியப் பிரதமர் 2017 மே மாதம் நேரில் வந்து திறந்துவைத்தார். நுவரெலியா நகரிலேயே மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. எல்லவில் தங்கும்போது ஏதும் பெரிதாக நேர்ந்தால் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். தியத்தலாவையிலும் ஓர் ஆதார வைத்தியசாலை உண்டு.

நுவரெலியாவிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போகும் எண்ணம் இருந்தால் ஒன்று. நானுஓயாவைத் தாண்டினால் அம்பேவளை, பட்டிப்பொல, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன என்று ஹப்புத்தளை வரைக்கும் காடும் பள்ளமும்தான். பட்டிப்பொல 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். நடுவழியில் யாருக்காவது முடியாமல் போனால் ரயில் கார்டிடம் உடனே சொல்லுங்கள். மருந்துப் பையைப் பெரிய சூட்கேசுக்குள் வைத்து, அந்தச் சூட்கேசை வேனில் அனுப்பிவிட்டு ரயில் ஏறாதீர்கள். அப்படிச் செய்தவர்கள் பலர்.

இப்போது அவசரமில்லாத வருத்தங்களுக்கு வருவோம். காய்ச்சல், வயிற்றோட்டம், தொண்டை நோ, காது வலி, காலில் ஒரு வெட்டு போன்றவை. அரச வைத்தியசாலைக்குப் போனால் வெளிநோயாளர் பிரிவில் இலக்கம் எடுத்து வரிசையில் நிற்க வேண்டும். காசு இல்லை, ஆனால் ஒரு காலை முழுவதும் போய்விடும். பெரியாஸ்பத்திரிகளில் கூட்டம் சொல்லி முடியாது. ஐந்து நாளில் ஒரு நாளை அதற்குக் கொடுக்க மனம் வராது.

இதற்கு நான் சொல்லும் வழி டிஸ்பென்சரி. கண்டி, கம்பளை, ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளை என்று எந்த நகரத்திலும் கடைத்தெருவில் இரண்டு மூன்று குடும்ப வைத்தியர்கள் சின்ன அறை வைத்துப் பார்ப்பார்கள். நோயாளியைப் பார்த்து, அங்கேயே மருந்தைச் சின்னச் சின்னக் காகிதப் பைகளில் போட்டுத் தருவார்கள். சிலர் அரச வேலை முடித்து மாலையில்தான் கதவைத் திறப்பார்கள். பல ஆண்டு இதே ஊரில் இருப்பவர்களாக இருந்தால் தோட்டத்து மக்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் நன்றாக வரும். தங்கும் விடுதிக்காரரிடம் "உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் காட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். "நல்ல டொக்டர் யார்?" என்று கேட்டால் தனக்குக் கமிஷன் கிடைக்கும் இடத்தைச் சொல்பவரும் உண்டு. சொந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும். வைத்தியரின் முத்திரையில் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பதிவில்லாமல் பலகை மாட்டியவர்களைப் பொலிஸ் பிடித்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தப் பைகளில் மருந்தின் பெயர் எழுதியிருக்காவிட்டால் எழுதித் தரும்படி கேளுங்கள். அம்மா ஏற்கெனவே இத்தனை குளிசை குடிக்கிறவர் என்பதால் அந்தப் பெயர்கள் பிறகு தேவைப்படும்.

தனியார் ஆஸ்பத்திரிகள் கண்டியில் சில இருக்கின்றன. வாவியோரத்தில் அட்வென்டிஸ்ட், ஊருக்குள் சுவசேவன, அசிரி என்ற பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். அங்கே விசேட வைத்தியர் ஒருவரைப் பார்ப்பதற்குப் பெயர் சனலிங். முன்பதிவு செய்து இலக்கம் வாங்க வேண்டும். விசேட வைத்தியர்களில் பெரும்பாலானவர்கள் பகலில் அரச வைத்தியசாலையில் வேலை பார்ப்பவர்கள். மாலையிலும் வார இறுதியிலும்தான் இங்கே வருவார்கள். உங்கள் இலக்கத்துக்குப் போட்ட நேரம் ஐந்தரை என்றால் ஏழுக்கு முன் வெளியே வருவோம் என்று திட்டம் போடாதீர்கள். வைத்தியர் கட்டணம், ஆஸ்பத்திரிக் கட்டணம் என்று இரண்டும் சேர்ந்துதான் பில் வரும். இரத்தப் பரிசோதனையை மட்டும் செய்துகொள்ள தனியார் ஆய்வுகூடங்கள் வசதியானவை, வரிசையும் குறைவு. ஆனால் இரவில் மூச்சுத்திணறலோடு ஒருவரைத் தூக்கிக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய், முற்பணம் கட்டக் கையில் காசில்லாமல், ஏ.டி.எம். தேடி ஓடிய என் சொந்தத் தம்பியின் அந்த ஒரு மணித்தியாலத்தை நான் மறக்கவில்லை. கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். வாசலில் யாரும் காசு கேட்கவில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த சிற்றூழியர் பெயரைக்கூடக் கேட்கவில்லை, முதலில் உள்ளே கொண்டுபோனார்.

அரச வைத்தியசாலைக்கு அவசரமாகப் போகிறவர்கள் செய்யும் தவறு, வெளிநோயாளர் வரிசையில் போய் நிற்பது. அவசர சிகிச்சைப் பிரிவு வேறு. "ஈ.டி.யூ." என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். அங்கே இலக்கம் கிடையாது. யார் அதிகம் ஆபத்தில் இருக்கிறாரோ அவரை முதலில் பார்ப்பார்கள். இரண்டு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களை எத்தனை தடவை நான் ஜன்னலிலிருந்து கூப்பிட்டு அங்கே அனுப்பியிருக்கிறேன்.

மொழி விடயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் உயிர் தப்புவதும் போவதும் நடக்கிறது.

ஒரு மழைநாள். மருந்து ஜன்னலில் நல்ல கூட்டம். ஐம்பது வயது இருக்கும், கொழுந்து எடுக்கிற அம்மா ஒருவர். விரல் நுனிகளில் தேயிலைக் கறை கறுப்புக் கோடுகளாக இறங்கியிருந்தது. நீட்டிய துண்டில் அமிலத்தைக் குறைக்கும் குளிசையும் ஒரு பாணி மருந்தும் எழுதியிருந்தன. நான் குளிசையை எண்ணிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் குளிரிலும் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இடது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தார். "என்னம்மா செய்கிறது?" என்று தமிழில் கேட்டேன். "நெஞ்சு மேலே கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது, அது அப்படியே தாடைக்கு ஏறுகிறதம்மா" என்றார். கூட வந்த மகன் இடையில் புகுந்து, "கேஸ்ட்ரைட்டிஸ்தான் மிஸ், எப்போதும் வரும்" என்றான். வைத்தியரிடமும் அவன் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் அம்மா சொன்ன கல்லையும் தாடையையும் அவன் மொழிபெயர்க்கவில்லை. தான் நினைத்த நோயின் பெயரை மொழிபெயர்த்துவிட்டான். துண்டை வாங்கி வைத்துக்கொண்டு அவரை ஈ.டி.யூ.வுக்கு அனுப்பினேன். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு. அன்று இரவே கண்டிக்கு மாற்றினார்கள். சில வாரம் கழித்து அதே ஜன்னலுக்கு அஸ்பிரின் வாங்க வந்து நின்றார். அந்தப் பையன் மீது எனக்குக் கோபமில்லை, அவன் தாய்க்கு உதவிதான் செய்தான்.

ஆகவே நீங்கள் பேசினாலும், உங்களுக்காக வேறொருவர் பேசினாலும், நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். உடம்பு என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். எங்கே, எப்போது தொடங்கியது, எதற்குக் கூடுகிறது, எதற்குக் குறைகிறது என்று. மொழிபெயர்ப்பவரிடம் "நான் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள், பெரியவர் வெட்கப்பட்டுப் பாதியை மறைப்பார்.

தமிழ் பேசுகிறவர் கிடைப்பாரா என்றால் பெரும்பாலும் கிடைப்பார். நுவரெலியா, டிக்கோயாப் பக்கத்து வைத்தியசாலைகளுக்கு வருகிறவர்களில் பெரும் பகுதி தோட்டத்துத் தமிழர்கள்தான். வைத்தியர் சிங்களவராக இருந்தாலும் "நோவு எங்கே?", "எத்தனை நாள்?" என்ற அளவுக்குத் தமிழ் பழகியிருப்பார். கண்டியில் வார்டு முழுவதும் தேடினாலும் தமிழ் தெரிந்த தாதி அகப்படாத நேரம் உண்டு, ஆனால் சிற்றூழியர்களில், பக்கத்துக் கட்டில் நோயாளிகளில், பார்க்க வந்தவர்களில் நிச்சயம் ஒருவர் இருப்பார். கண்டியில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களும் நிறைய இருக்கிறார்கள். பார்மசிகளில் அவர்களோடு பேசிக் காரியம் முடித்துக்கொள்ளலாம். தயங்காமல் இந்த ஒரு வரியைக் கேளுங்கள்: "தெமள கதா கரன கெனெக் இன்னவத?" தமிழ் பேசுகிற யாராவது இருக்கிறார்களா என்று அர்த்தம். நெஞ்சு நோகிறது என்பதற்கு "பபுவ ரிதெனவா". மூச்சு எடுக்கக் கஷ்டம் என்பதற்கு "ஹுஸ்ம கன்ன அமாருய்". காய்ச்சலுக்கு "உண". இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதற்கு "மே பெஹெத் மட்ட எலர்ஜி" என்றால் போதும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. நமக்கு விளங்கும் மொழியில் விளக்கம் கேட்பது உரிமை. கூனிக் குறுகிக் கேட்க வேண்டியதில்லை. அதே நேரம் இரவு இரண்டு மணிக்கு முப்பது நோயாளிகளுக்கு நடுவே நிற்கும் தாதியிடம் சட்டம் பேசுவதைவிட, ஒரு காகிதம் பேசும்.

அந்தக் காகிதத்தை இன்றைக்கே தயார் செய்யுங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். அது தொலைந்தால் என்ன செய்வது என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். பயமாக இருந்தால் கடைசி மூன்று பக்கங்களைப் போனில் படம் எடுங்கள், ஒரு பிரதியைக் கணவரின் போனிலும் வையுங்கள். ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் பெரிதாக: பெயர், வயது, என்னென்ன வருத்தம், குடிக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, முன்பு செய்த சத்திரசிகிச்சை, உங்கள் போன் இலக்கம். மருந்தின் பெயர் என்று சொல்வது கம்பனி வைத்த பெயரை அல்ல. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் உண்மைப் பெயரை எழுதுங்கள்: லொசார்டன், மெட்போர்மின் என்று. "வெள்ளைக் குளிசை, பாதியாக உடைத்துக் குடிப்பார்" என்று சொல்கிறவர்களிடம் நான் எத்தனை வெள்ளைக் குளிசைகளைக் காட்டியிருப்பேன்! இரத்தத்தை இளக்கும் வார்பரின் போன்ற மருந்து குடிப்பவராக இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.

ஐந்து நாள் பயணத்துக்கு எட்டு நாள் மருந்து கொண்டு வாருங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரச வைத்தியசாலைகளில் சில மருந்துகள் இல்லாமல் போய், "வெளியே வாங்கி வாருங்கள்" என்று துண்டு கொடுக்கும் நிலை வந்தது. வாங்க வேண்டி வந்தால் முதலில் ஒசுசலவைத் தேடுங்கள். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடை அது. தரமும் விலையும் நம்பலாம். அந்தக் கூட்டுத்தாபனம் 1971இல் தொடங்கியது, மருந்தைக் கம்பனிப் பெயரில் அல்லாமல் உண்மைப் பெயரில் வாங்கி மக்களுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும் என்று பாடுபட்ட பேராசிரியர் சேனக பிபிலேயின் உழைப்பால். மருந்தாளர்களாகிய எங்களுக்கு அவர் பெயரைச் சொல்லும்போதே ஒரு பெருமை.

அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் நான் அதிகம் பயப்படுவது தாழ்சீனிக்குத்தான். நுவரெலியாவில் தங்குகிறவர்கள் ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியற்காலை நாலு மணிக்கே வேன் ஏறுவார்கள். அம்மா வழக்கம்போலக் காலைக் குளிசையைக் குடித்துவிடுவார். சாப்பாட்டுப் பார்சலைப் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். பிறகு குளிரில் நடை. ஒன்பது மணிக்கு அவர் வியர்த்து, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லத் தொடங்குவார். களைப்பு என்று நினைத்துப் படுக்க வைப்பார்கள். அது களைப்பல்ல. கிளிக்லசைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் சாப்பாடு இல்லாமல் போனால் சீனியைக் கீழே இறக்கிவிடும். நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள், தெளிந்ததும் பாண் அல்லது பிஸ்கட். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 1990. குளிசையைச் சாப்பாட்டோடு சேர்த்தே கொடுங்கள், சாப்பாடு பிந்தினால் குளிசையும் பிந்தட்டும். பையில் ஒரு சீனிப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அதை வெயிலில் நிறுத்திய வேனுக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், விடுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் தட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உதவாது.

மகனுக்கு இளைப்புக்கு அடிக்கும் பம்பையும் (இன்ஹேலர்), அதில் பொருத்தும் ஸ்பேசரையும் கையில் எடுத்து வாருங்கள். கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றர். ஒரே நாளில் அந்தக் குளிருக்குள் ஏறும்போது இளைப்பு வரலாம். பம்பு அடித்தும் பேச முடியாமல் திணறினால், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பனடோலைத் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம். டெங்கு இருக்கும் நாடு இது, கண்டியும் அதற்கு விலக்கல்ல. அஸ்பிரின், புரூபன் போன்றவை டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும். (அம்மாவுக்குக் கிளினிக்கில் தினமும் அஸ்பிரின் தருகிறார்கள் என்றால் காய்ச்சலோடு வைத்தியரைப் பார்க்கும்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.) காய்ச்சல் மூன்றாம் நாளாகியும் விடாவிட்டால் இரத்தம் சோதித்துப் பாருங்கள். காய்ச்சல் விட்ட அன்றே பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிறு வலித்தால், சலம் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே கொண்டுபோங்கள். டெங்கில் ஆபத்து வருவது அந்த நேரத்தில்தான்.

மலைநாட்டுக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. தேயிலைச் செடிக்குள் போட்டோ எடுக்க இறங்குகிறவர்கள் குளவிக்கூட்டைப் பார்ப்பதில்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்கு வராத மாதமே எனக்கு நினைவில்லை. கொட்டினால் கையை வீசாமல் அங்கிருந்து விலகுங்கள், மோதிரம் வளையலைக் கழற்றுங்கள். நிறையக் கொட்டியிருந்தாலோ, முகம் வீங்கி மூச்சு இழுத்தாலோ அட்ரினலின் ஊசி வேண்டும். அது வீட்டு வைத்தியத்தில் இல்லை. நாயோ குரங்கோ கடித்தால், பிராண்டினால்கூட, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். பயணம் முடிந்து வவுனியா போய்ப் போடலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். மீதி ஊசிகளை வவுனியாவில் போட்டுக்கொள்ளலாம், முதல் ஊசி இங்கேயே. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், காலை அசைக்காமல் கொண்டுபோங்கள். பாம்பைப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்க வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு படம் போதும். அட்டை கடித்தால் பயமில்லை, ஆனால் சீனி உள்ளவர் காலில் கடித்த இடத்தை இரவில் வெளிச்சத்தில் பார்த்துக் கழுவ வேண்டும்.

வார்டில் நிறுத்திவிட்டார்கள் என்றால் கலங்க வேண்டாம். கப், தட்டு, துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரு விரிப்பு, போன் சார்ஜர் இவற்றை வாங்கிக் கொடுங்கள். பார்க்க விடும் நேரம் வழக்கமாக நண்பகலிலும் மாலையிலும். பெண்கள் வார்டில் இரவில் ஆண்களை நிற்க விடமாட்டார்கள், ஆகவே அம்மாவுக்குத் துணை நீங்கள்தான். உங்கள் கணவர் மகனோடு விடுதிக்குப் போகட்டும். கண்டியில் எசல பெரஹரா நடக்கும் ஆடி ஆவணி நாட்களில் வீதிகளை மூடுவார்கள், விடுதி அறைகளும் கிடைக்காது. அந்த வாரத்தில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதை நான் விரும்பமாட்டேன்.

வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். என்ன நோய், என்ன பரிசோதனை, என்ன மருந்து என்று அதில் இருக்கும். அதையும் புதிய மருந்துகளையும் எடுத்துக்கொண்டு வவுனியா கிளினிக்கில் காட்டும் வரைக்கும் பழைய குளிசைகளையும் புதியவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக் கொடுக்காதீர்கள். கண்டியில் வேறு கம்பனிப் பெயரில் கொடுத்தது பழைய பிரஷர்க் குளிசையாகவே இருக்கலாம். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துச் சின்ன எழுத்தில் உள்ள பெயரைப் படியுங்கள். ஒரே பெயராக இருந்தால் ஒன்றை எடுத்துத் தனியாக வையுங்கள். விளங்காவிட்டால் எந்த ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலிலும் கேளுங்கள். கூட்டம் குறைந்த பிற்பகல் நேரமாகப் பார்த்துப் போனால் அங்கே நிற்கிறவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லித் தருவார்.